கைக்குப் பொருந்தும் வயர் மவுஸ்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை வழியாகச் சாயல்குடி வரை நீளும் இராமநாதபுரம் கடற்கரையில், காலையில் மவுஸைப் பிடித்த கையை மாலையில்தான் எடுப்பவர்கள் இன்று ஏராளம். இ-சேவை மையத்தில் சாதிச் சான்றிதழுக்கும் பட்டா மாறுதலுக்கும் விண்ணப்பங்களைப் பதிவு செய்பவர், மீன் கம்பெனியில் எடைக் கணக்கையும் பில்லையும் ஏற்றுபவர், இராமேசுவரத்து விடுதியில் அமாவாசைக் கூட்டத்துக்கான அறைப் பதிவுகளைக் கவனிப்பவர், டிடிபி கடையில் திருமணப் பத்திரிகையை வடிவமைப்பவர் எனப் பலரும் இதில் அடங்குவர். கணினி வாங்கும்போது நாலு கடை ஏறி இறங்கி விசாரிக்கும் இவர்களில் பலர், மவுஸ் என்று வரும்போது கடைக்காரர் எடுத்து நீட்டுவதை அப்படியே வாங்கி வந்துவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன. எந்த மவுஸ் வேண்டும் என்பதை அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்கள் தீர்மானிக்கக் கூடாது. வாங்குபவரின் கையும் அவர் ஊரின் காற்றுமே தீர்மானிக்க வேண்டும்.

வயர் உள்ள மவுஸ் பழைய காலத்துச் சரக்கு என்று ஒதுக்குவதும் ஒரு தவறுதான். ஒரே மேசையில் இருந்து நாள் முழுவதும் வேலை செய்பவருக்கு வயர் ஒரு தடையே இல்லை. பேட்டரி தீரும் கவலை கிடையாது. கணினியில் செருகும் சிறு ரிசீவர் தொலையும் அச்சமும் கிடையாது. பலர் புழங்கும் கவுண்ட்டரில் மவுஸ் இடம் மாறிக் காணாமல் போவதும் குறையும். அதைவிட முக்கியமாக, ஈரமும் உப்பும் கலந்த காற்றில் பேட்டரியைத் தாங்கும் உலோகத் தகடுகள் பச்சை பூத்துத் தொடர்பு விட்டுப்போகும் தொல்லை வயர் மவுஸுக்கு இல்லை.

அடுத்தது அளவு. இந்த ஒன்றைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து. வலது கையை மேசைமேல் விரித்து வைத்து, மணிக்கட்டில் கை மடியும் ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஓர் அடிக்கோலால் அளந்து பாருங்கள். அந்த நீளத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் மவுஸின் நீளமாக இருந்தால் பெரும்பாலோருக்குப் பொருந்தும். 17 செ.மீ. கைக்குப் பத்துச் செ.மீ. நீளத்தில் ஒரு மவுஸ் போதும், 19 செ.மீ. கைக்குப் பதினொன்றரைச் செ.மீ. தேவைப்படும். இது தேடலைத் தொடங்குவதற்கான கணக்குதான். இறுதி முடிவைக் கை சொல்ல வேண்டும். உள்ளங்கை முழுவதையும் மவுஸின்மேல் படிய வைத்துப் பிடிப்பவருக்கு முதுகு உயர்ந்த, சற்றே நீண்ட மவுஸ் வேண்டும். விரல் நுனிகளால் மட்டும் நகர்த்துபவருக்குத் தாழ்ந்த, எடை குறைந்த மவுஸ் சுகமாக இருக்கும். உங்கள் பிடி எது என்பதை யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இப்போது வேலை செய்யும் மேசையில், கவனிக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் சிறிது நேரம் வேலை பார்த்துவிட்டுச் சட்டென்று கையைக் குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

மடிக்கணினிப் பையில் போட்டுச் செல்வதற்கென்று செய்யப்பட்ட குட்டி மவுஸை மலிவாகக் கிடைக்கிறது என்று அலுவலக மேசைக்கு வாங்குவது இந்த வகையில் மிகவும் பரவலான தவறு. அதைப் பிடிக்கும்போது கட்டைவிரலும் சுண்டுவிரலும் இரண்டு பக்கமும் இடுக்கிபோல் இறுகுகின்றன. உள்ளங்கைக்குத் தாங்கல் இல்லாததால் கையின் பாரம் மணிக்கட்டின் அடிப்புறத்தில் இறங்குகிறது. அரை மணி நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. ஜூன் மாதத்தில் கல்லூரிச் சேர்க்கைக்காக வருமானச் சான்றிதழ் கேட்டு வரிசை நிற்கும் நாளில், மாலை ஆவதற்குள் கட்டைவிரலின் அடிச்சதை வலிக்கத் தொடங்கும். கடையில் பார்க்கும்போது கையை மவுஸின்மேல் தளர்வாக வைத்து, சுண்டுவிரல் மேசையில் உராய்கிறதா, மோதிர விரலுக்கு இடம் இருக்கிறதா, கட்டைவிரல் எதையும் அழுத்திப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்ந்திருக்க முடிகிறதா என்று பாருங்கள். பெட்டியைத் திறந்து காட்டத் தயங்கும் கடையில் வாங்காமல் இருப்பதே நல்லது. இணையத்தில்தான் வாங்குவது என்றால், விவரப் பகுதியில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் மி.மீ. கணக்கில் பார்த்து, அதே அளவில் ஓர் அட்டையை வெட்டிக் கையருகே வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். படத்தைப் பார்த்து அளவை ஊகிக்க முடியாது.

இனி, நம் கடற்கரைக்கென்றே உள்ள சங்கதிக்கு வருகிறேன். 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தின் இரும்பை அதன் ஆயுள் முழுவதும் அரித்துக்கொண்டிருந்த காற்றுதான் நம் மேசைக்கும் வருகிறது. மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவர் ஒரு மவுஸைப் புகழ்ந்து சொன்னார் என்பதற்காக அதையே இங்கே வாங்குவதில் உள்ள சிக்கல் இதுதான். பக்கவாட்டில் ரப்பர் போன்ற மெத்தென்ற பூச்சு பூசிய மவுஸைக் கையில் எடுத்தவுடன் பிடித்துப்போகும். விலையும் சற்றுக் கூடுதலாக இருப்பதால் தரமானது என்றும் தோன்றும். ஆனால் ஈரப்பதமும் வியர்வையும் வெப்பமும் சேர்ந்து இந்த வகைப் பூச்சுகளைச் சிதைக்கின்றன. முதலில் கட்டைவிரல் படும் இடம் பளபளக்கும், பிறகு பிசுபிசுக்கும், ஒரு கட்டத்தில் கருப்புப் பிசினாக விரலில் ஒட்டிக்கொண்டு வரும், அதன்மேல் தூசியும் மணலும் அப்பிக்கொள்ளும். இதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது. பூச்சு முழுவதையும் சுரண்டி எடுத்தால்தான் உண்டு. எனவே பூச்சு எதுவும் இல்லாத, சற்றே சொரசொரப்பான வெறும் பிளாஸ்டிக் உடல் கொண்ட மவுஸே நமக்கு ஏற்றது. அது பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும், ஈரத்துணியால் துடைத்தால் சுத்தமாகிவிடும், பல ஆண்டுகளுக்கு அப்படியே இருக்கும். கண்ணாடிபோல் வழவழப்பான உடலும் வேண்டாம். வியர்த்த கையில் அது நழுவும், நழுவாமல் இருக்க நாம் அறியாமலே இறுக்கிப் பிடிப்போம்.

உள்ளே இருக்கும் சுவிட்சுகளையும் இதே காற்றுதான் பாதிக்கிறது. வழக்கமான மவுஸில் ஒவ்வொரு கிளிக்கின்போதும் இரண்டு சிறு உலோக முனைகள் தொட்டு விலகுகின்றன. அவை தேய்ந்தோ, களிம்பேறியோ போனால் ஒருமுறை அழுத்தியது இருமுறை அழுத்தியதாகப் பதிவாகும். ஒரு கோப்பைத் தேர்ந்தெடுக்க அழுத்தினால் அது திறந்துகொள்ளும், இழுத்துக்கொண்டு போகும் கோப்பு பாதி வழியில் விழுந்துவிடும். அரசு இணையதளத்தில் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்தி, அது இருமுறை போய்விட்டால் என்ன குழப்பம் வரும் என்பதை அந்த வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கோளாறு தெரிந்த பிறகும் ‘இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்’ என்று அதே மவுஸை வைத்துக்கொண்டிருப்பது பெரிய தவறு. உலோகத் தொடுமுனைக்குப் பதிலாக ஒளியைக் கொண்டு கிளிக்கை உணரும் சுவிட்சுகள் உள்ள வயர் மவுஸ்களும் இப்போது கிடைக்கின்றன. அவற்றில் களிம்பேறுவதற்குத் தொடுமுனையே இல்லை. விலை கூடுதல்தான் என்றாலும், கடலுக்கு மிக அருகில், சன்னல் திறந்த அறையில் வேலை செய்பவர்கள் அவற்றைப் பரிசீலிக்கலாம். குளிர்சாதன அறையில் இருப்பவருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

டிபிஐ என்ற எண்ணைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் திரையில் சுட்டி எவ்வளவு தூரம் ஓடும் என்பதைத்தான் அது காட்டுகிறது. கைக்கு எவ்வளவு சுகம் என்பதை அது காட்டாது. அன்றாட வேலைக்கு 800 முதல் 1600 வரை தாராளமாகப் போதும். 16000 என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதும், வண்ண விளக்குகள் எரிவதும் விளையாட்டுக்காரர்களைக் கவர்வதற்காக. அவற்றுக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல சுவிட்சுக்குக் கொடுங்கள்.

பொத்தானின் அழுத்தத்தையும் சக்கரத்தின் இறுக்கத்தையும் பலர் சோதிப்பதே இல்லை. சுட்டுவிரலை வளைத்துக் குத்தாமல், படிந்திருக்கும் நிலையிலேயே லேசாக அழுத்தினால் கிளிக் ஆக வேண்டும். அதே நேரம், விரலைச் சும்மா வைத்திருந்தாலே அழுந்திவிடும் அளவுக்கு இலேசாகவும் இருக்கக் கூடாது. பொத்தானின் முன்முனையில் மட்டும் அல்லாமல், நடுவிலும் அழுத்திப் பாருங்கள். மலிவான மவுஸ்களில் நடுப்பகுதி கல்லாக இருக்கும், சிறிய கை உடையவர்களுக்கு அங்கேதான் விரல் படும். நீண்ட பட்டியல்களைப் பார்க்கும் கணக்கு வேலையில் இருப்பவர்கள் சக்கரத்தை நன்றாக உருட்டிப் பார்க்க வேண்டும்.

வயரைக் கவனியாமல் விடுவது, வயர் மவுஸ் வாங்குபவர் செய்யக் கூடாத தவறு. 1964-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனைப்படி பில் இங்கிலிஷ் மரத்தில் செய்த முதல் மவுஸில் வயர் பின்பக்கமாக, மணிக்கட்டை நோக்கி வெளிவந்தது. கையில் இடறுகிறது என்று விரைவிலேயே அதை முன்பக்கம் மாற்றிவிட்டார்கள். வயர் கையின் ஓட்டத்தைக் கெடுக்கக் கூடாது என்ற அந்தப் பாடம் இன்றும் பொருந்தும். தடித்த, முறுக்கேறிய வயர் மவுஸை விட்ட இடத்தில் இருக்க விடாமல் பின்னுக்கு இழுக்கும். கை அதை எதிர்த்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். மெல்லிய, மடிப்பு விழுந்தால் தளர்ந்து நேராகும் வயரைத் தேர்ந்தெடுங்கள். மவுஸின் மூக்கிலிருந்து வயர் வெளிவரும் இடத்தில் ரப்பர்க் கழுத்து நீளமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் வயர் உள்ளே அறுபடும். மேசைக்குக் கீழே தரையில் சிபியு வைத்திருப்பவர்கள் குறைந்தது 1.8 மீட்டர் நீளம் உள்ளதை வாங்க வேண்டும்.

மேசை கண்ணாடி போட்டதாக இருந்தால் எந்த மவுஸையும் குறை சொல்லும் முன் அடியில் ஒரு துணி மவுஸ் பேடை வையுங்கள். மவுஸின் அடியில் உள்ள ஒளி உணரி, மேற்பரப்பின் நுண்ணிய சொரசொரப்பை நொடிக்கு ஆயிரக்கணக்கில் படமெடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு அசைவைக் கணக்கிடுகிறது. தெளிந்த கண்ணாடியிலும் மெருகேற்றிய கிரானைட்டிலும் அதற்குப் பிடிமானம் கிடைக்காமல் சுட்டி துள்ளும். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் பாம்பன், தனுஷ்கோடிப் பக்கம் பறக்கும் நைஸ் மணல் பேடில் படியும் என்பதால் வாரம் ஒருமுறையாவது அதை உதறுங்கள். மவுஸைத் திருப்பிப் பார்த்தால், அடியில் உள்ள வெள்ளைப் பட்டைகளின் ஓரத்தில் சாம்பல் நிறக் கோடாக அழுக்கும், அதற்குள் மினுங்கும் மணல் துகளும் இருக்கும். பல்குத்தும் குச்சியால் அதைச் சுரண்டி எடுத்தாலே மவுஸ் புதிதுபோல் வழுக்கி ஓடும்.

நல்ல மவுஸ் வாங்கிவிட்டால் வலி போய்விடும் என்று நம்புவதும், பொருத்தமில்லாத இடத்தில் அதை வைப்பதும் இறுதியாகச் சொல்ல வேண்டிய, ஆனால் கனமான தவறு. மவுஸ் விசைப்பலகையின் உயரத்திலேயே, அதை ஒட்டியே இருக்க வேண்டும். முழங்கை உடலை விட்டு விலகாமல், ஏறக்குறைய செங்கோணமாக மடிந்திருக்க வேண்டும். உயரமான மேசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அமர்ந்தால் தோள்பட்டை தூக்கிக்கொண்டும், மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்தும் நிற்கும். எந்த மவுஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது. ஜெல் மெத்தை வைத்த பேடில் மணிக்கட்டை ஊன்றிக்கொண்டே வேலை செய்வதும் நல்லதல்ல, ஏனெனில் விரல்களுக்குச் செல்லும் நரம்பு அந்த இடத்தின் வழியாகத்தான் ஒரு குறுகிய பாதையில் போகிறது. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகிய இடங்களில் மரத்துப்போதல் இருந்தாலோ, இரவில் அதனால் விழிப்பு வந்தாலோ, மவுஸ் கடைக்குப் போவதற்கு முன் மருத்துவரிடம் போங்கள்.

இடக்கைக்காரர்களை வலக்கை மவுஸில் பழகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. இரண்டு பக்கமும் ஒரே வடிவம் கொண்ட மவுஸ்கள் எங்கும் கிடைக்கின்றன. விண்டோஸ் அமைப்புகளில் இடது, வலது பொத்தான்களை மாற்றிக்கொள்ளலாம். ஒரு கணினியில் இருவர் மாறி மாறி வேலை செய்யும் மையங்களில், இருவர் கையும் வேறுபட்ட அளவில் இருந்தால், இரண்டு யுஎஸ்பி மவுஸ்களை ஒரே நேரத்தில் செருகி வைக்கலாம். இரண்டுமே அதே சுட்டியை நகர்த்தும். பொத்தான் மாற்றம் மட்டும் இரண்டு மவுஸுக்கும் சேர்த்தே நடக்கும் என்பதால், இடக்கைக்காரர் இருக்கையை விட்டு எழும்போது அதைப் பழையபடி மாற்றி வைத்துவிட்டு எழ வேண்டும்.