எழிலனா, கவினா?

பையன் பிறந்து இரண்டு மாதமாகியும் பெயர் முடிவாகவில்லை. எனக்கு எழிலன், என் மனைவிக்கு கவின். வேடிக்கை என்னவென்றால் எழில், கவின் இரண்டுக்குமே அழகு என்றுதான் பொருள். அதனால் பொருளை வைத்துச் சண்டை போடவும் வழியில்லை.

பிறப்பை 21 நாளுக்குள் பெயரில்லாமலே பதிந்துவிட்டோம். 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம் என்பதால் அவசரமில்லை. சீட்டுக் குலுக்கிப் பார்த்தோம். கவின் வந்தது. எனக்கு முகம் வாடியது, மறுபடி குலுக்கினோம். அது சரிப்படவில்லை.

அப்புறம் ஒரு வாரம் ஒரு பெயர், மறு வாரம் மற்றது என்று கூப்பிட்டுப் பார்த்தோம். அங்கேதான் விஷயம் தெளிந்தது. கவின் என்று மொட்டை மாடியிலிருந்து கத்தினால் 'ன்'னில் போய் முட்டி நின்றுவிடுகிறது. எழிலன், கூப்பிடும்போது 'எழிலா' ஆகிவிடுகிறது. எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். அம்மா 'எளிலா' என்றுதான் சொல்கிறார். ஆங்கிலத்தில் 'ழ'வை எப்படி எழுதினாலும் வெளியூர்க்காரர்கள் தடுமாறத்தான் போகிறார்கள். இருந்தாலும் மூன்றாம் வாரம் மனைவியே தன்னையறியாமல் 'எழிலா' என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள். மறுநாளே நகராட்சி அலுவலகத்தில் பெயரைச் சேர்த்துவிட்டேன்.

கவின் என்பது இப்போது வீட்டுச் செல்லப்பெயர்.