நோய் வரும் வழியை அறிந்து அடைப்பது எப்படி

எங்கள் புளோக்கில் வசிக்கும் பெரியவர் ஒருவருக்குக் காசநோய் என்று உறுதியானதும், வீட்டார் முதல் வேலையாக அவருக்கெனத் தனித் தட்டு, தனித் தம்ளர், தனிக் கரண்டி ஒதுக்கி, அவற்றை வெந்நீரில் கழுவிச் சமையலறையின் ஒரு மூலையில் கவிழ்த்து வைத்தார்கள். ஆனால் அவர் படுத்திருந்த அறையின் சன்னல்கள் மூடியே கிடந்தன, குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது, மாலை நேரத்தில் பேரப்பிள்ளைகள் அதே அறையில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்தார்கள். காசநோய் தட்டின் வழியாகப் பரவுவதில்லை. நோயாளி இருமும்போதும் பேசும்போதும் வெளியேறிக் காற்றில் மிதக்கும் நுண்துளிகளை மற்றவர் சுவாசிப்பதால்தான் அது பரவுகிறது. அந்த வீட்டில் அக்கறைக்குக் குறைவே இல்லை. அடைக்க வேண்டிய கதவு ஒன்றாக இருக்க, அடைத்த கதவு வேறாக இருந்தது.

ஒரு தொற்றுநோய் பரவ மூன்று வேண்டும்: கிருமி குடியிருக்கும் ஓர் இடம், அங்கிருந்து வெளியேறிச் செல்ல ஒரு வழி, எதிர்ப்பாற்றல் இல்லாத இன்னோர் உடல். இவற்றில் ஒன்றை அறுத்தால் போதும், பரவல் நின்றுவிடும். எனவே வீட்டில் ஒருவர் நோயுற்றதும் கடைக்கு ஓடிக் கிருமிநாசினி வாங்குவதற்கு முன்னால், இந்த நோய் எந்த வழியாகப் பரவுகிறது, எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை பரவும் என்ற இரண்டு கேள்விகளையும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். செய்ய வேண்டியவை யாவும் அந்த இரண்டு பதில்களிலிருந்தே பிறக்கும்.

காற்றில் வருபவை

காசநோய், தட்டம்மை, சின்னம்மை ஆகியவை காற்றில் மிதந்து வருபவை. சளிக்காய்ச்சலும் கொவிட்-19 நோயும் பெரும்பாலும் அருகிலிருப்பவரின் மூச்சுத்துளிகளால் பரவினாலும், காற்றோட்டமில்லாத அறையில் தொலைவிலிருப்பவரையும் எட்டக்கூடியவை. இவற்றுக்கு எதிராக வீட்டில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை செலவே இல்லாதது: சன்னலைத் திறப்பது. அடுக்குமாடி வீடுகளில் தாழ்வாரப் பக்கச் சன்னலையும் எதிர்ப்புறச் சன்னலையும் ஒருசேரத் திறந்தால் காற்று ஊடுருவிச் செல்லும். நம் வீடுகளிலுள்ள குளிர்சாதனங்களில் பெரும்பாலானவை அறைக்குள் இருக்கும் காற்றையே குளிர்வித்துத் திரும்ப அனுப்புபவை; அவை வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. நோயாளி தனியறையில் இருக்கட்டும், மற்றவர் நடமாடும் இடத்துக்கு வரும்போது முகக்கவசம் அணியட்டும். முகக்கவசம் கிருமி புறப்படும் இடத்திலேயே அதைப் பெருமளவு பிடித்துவிடுவதால், ஒன்றுதான் கையிலிருக்கிறது என்றால் அதை நோயாளிக்கே கொடுங்கள்.

காசநோயைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மிடையே அதை மறைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், காரணமின்றி உடல் மெலிதல், இரவில் வியர்த்தல் இவை இருந்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். சரியான மருந்தைத் தொடங்கிய ஏறத்தாழ இரண்டு வாரங்களில் பெரும்பாலோரிடமிருந்து நோய் பரவுவது நின்றுவிடுகிறது. ஆனால் சிகிச்சை குறைந்தது ஆறு மாதங்கள் தொடர வேண்டும். இருமல் நின்றதே என்று நடுவில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகக்கூடும். அதனால்தான் சிங்கப்பூரில் பலதுறை மருந்தகங்களில் தாதியர் கண்முன்னே மாத்திரை விழுங்கும் முறை வைத்திருக்கிறார்கள். அதை அவமானமாகக் கருதாமல், நாள்தோறும் உடன் சென்று வருவதே குடும்பத்தார் செய்யக்கூடிய பெரிய உதவி. அந்தப் பெரியவர் வீட்டிலும் பிறகு சன்னல்கள் திறந்தன; பேரப்பிள்ளைகளுக்குப் பரிசோதனையும் நடந்தது.

வேப்பிலையும் தடுப்பூசியும்

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது நம் வழக்கம். வெளியாள் வராமலும் வீட்டார் ஊர்சுற்றாமலும் இருக்கச் செய்த அந்த ஏற்பாடு, நடைமுறையில் ஒரு தனிமைப்படுத்தலே. ஆயினும் சின்னம்மை, கொப்புளம் தோன்றுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடுகிறது. தட்டம்மை, தடிப்புத் தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பே பரவுகிறது. வேப்பிலை செருகும் வேளையில் கிருமி வாசலைத் தாண்டிச் சென்றிருக்கும். தட்டம்மைக் கிருமி, நோயாளி அறையைவிட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம்வரை காற்றில் நிற்கக்கூடியது. எதிர்ப்பாற்றல் இல்லாத பத்துப் பேர் அந்நோயாளியுடன் நெருங்கிப் பழகினால் ஒன்பது பேருக்குத் தொற்றும். இப்படிப்பட்ட நோயைக் கதவடைத்துத் தடுக்க இயலாது, தடுப்பூசியால் மட்டுமே இயலும். சிங்கப்பூரில் தட்டம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் எதிரான தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். தட்டம்மைத் தடுப்பூசியின் முதல் தவணை 12 மாதத்திலும் இரண்டாம் தவணை 15 முதல் 18 மாதத்துக்குள்ளும் போடப்படுகிறது. இரண்டாம் தவணையைத் தள்ளிப்போடும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வயது நிரம்பாத பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு, சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொண்ட ஊசியே அரண் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பரவும் காலத்தை அறிவது எத்தனை முக்கியம் என்பதை இந்நகரம் இருமுறை கண்டது. 2003ல் சார்ஸ் என்னும் கடும் மூச்சுநோய் வந்தபோது 238 பேர் பாதிக்கப்பட்டு 33 பேர் உயிரிழந்தார்கள். பெரும்பாலான தொற்று மருத்துவமனைகளுக்குள்ளேயே நேர்ந்தது. சார்ஸ் நோயாளியிடமிருந்து கிருமி பரவியது காய்ச்சல் தொடங்கிய பிறகே. ஆகவே உடல்வெப்பத்தை அளந்து, காய்ச்சல் உள்ளவரைப் பிரித்து, அவருடன் பழகியவர்களைத் தனிமைப்படுத்தியே அதை ஒழிக்க முடிந்தது. 2020 ஜனவரி 23ஆம் தேதி இங்கே முதன்முதலாக உறுதிசெய்யப்பட்ட கொவிட்-19 அப்படிப்பட்டதன்று. அறிகுறி தென்படுவதற்கு முன்பே அது பரவியதால், வெப்பமானி மட்டும் போதவில்லை. ஒரே அறையில் பலர் அடுக்குக் கட்டிலில் உறங்கும் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் அது எப்படிப் பரவியது என்பதை நம் உறவினரும் நண்பரும் அங்கிருந்ததால் நாம் மற்றவரைவிட நன்றாகவே அறிவோம். இடைவெளி விடுங்கள் என்று சொல்வது எளிது, ஆனால் இடைவெளிக்கு இடம் வேண்டும்.

கைவழியே வருபவை

பாலர் பராமரிப்பு நிலையத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்து, பிள்ளையின் உள்ளங்கையில் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றன, உடனே அழைத்துச் செல்லுங்கள் என்று சொல்லக் கேட்காத பெற்றோர் இங்கே குறைவு. கை, கால், வாய்ப் புண் நோய் எச்சிலாலும் சளியாலும் கொப்புள நீராலும் மலத்தாலும் பரவுகிறது. முதல் வாரத்தில் மிகுதியாகப் பரவினாலும், புண் ஆறிய பிறகும் சில வாரங்களுக்கு மலத்தில் கிருமி இருக்கும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கைக்குத் தடவும் சாராயக் கரைசல் இந்த வகைக் கிருமியை நன்றாகக் கொல்வதில்லை. வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோ கிருமிக்கும் அப்படியே. சவர்க்காரமும் ஓடும் நீருமே வேண்டும். இரண்டு கைகளையும் நுரைக்கத் தேய்த்து, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் ஆகியவற்றை விடாமல் குறைந்தது 20 விநாடி கழுவுங்கள். அணையாடை மாற்றியவர், கழிவறைக்குப் பிள்ளையைக் கூட்டிச் சென்றவர், சமைப்பவர், ஊட்டுபவர் எல்லாரும் கழுவ வேண்டும். பணிப்பெண் இருக்கும் வீடுகளில் அவருக்கும் இதைக் காரணத்துடன் சொல்லிக்கொடுங்கள். வெறும் கட்டளையாகச் சொன்னால் அது நிலைக்காது.

விளையாட்டுப் பொருள், கதவுக் கைப்பிடி, கழிவறைக் குமிழ் ஆகியவற்றை முதலில் சவர்க்கார நீரால் துடைத்து, பிறகு வெளுப்புத் திரவத்தால் துடையுங்கள். கடையில் கிடைக்கும் ஐந்து விழுக்காட்டு வெளுப்புத் திரவம் 20 மில்லிலிட்டரை 980 மில்லிலிட்டர் தண்ணீரில் கலந்தால் போதும். பத்து நிமிடம் விட்டு, நீரால் கழுவித் துடையுங்கள். அன்றன்று கலந்ததையே பயன்படுத்த வேண்டும், பழைய கரைசலில் வீரியம் குறைந்துவிடும். வேறு எந்தக் கழுவுதிரவத்தோடும் அதைக் கலக்காதீர்கள்; நச்சுவாயு எழும். கொப்புளங்கள் எல்லாம் காயும்வரை பிள்ளையை வீட்டில் வைத்திருங்கள். பராமரிப்பு நிலையத்துக்குத்தான் அனுப்பவில்லையே என்று கடைத்தொகுதியின் விளையாட்டிடத்துக்கு அழைத்துச் செல்வது அந்த நோக்கத்தையே கெடுத்துவிடும்.

கொசுவழியே வருபவை

டெங்கி ஒருவரை ஒருவர் தொடுவதாலோ சேர்ந்து உண்பதாலோ பரவாது, ஏடிஸ் கொசு கடித்தால்தான் பரவும். இந்த நாட்டில் 2020ல் 35,000க்கும் மேற்பட்டோர் டெங்கியால் பாதிக்கப்பட்டார்கள். 150 மீட்டர் வட்டத்துக்குள் 14 நாளில் இருவரோ அதற்கு மேற்பட்டோரோ நோயுற்றால் அவ்விடம் டெங்கிக் குழுமம் எனப்படும். பத்துப் பேரை எட்டினால் சிவப்புப் பதாகை கட்டப்படும்.

எங்கள் வட்டாரத்தில் அந்தப் பதாகை தொங்கிய ஒரு வாரத்தில், பரிசோதனைக்கு வந்த அதிகாரி, நான் நாள்தோறும் நீரூற்றி வணங்கும் துளசித் தொட்டியின் அடித்தட்டில் கைவிளக்கைப் பாய்ச்சினார். தட்டில் இரண்டு தேக்கரண்டித் தண்ணீர்கூட இராது. எள்ளளவு தலையும் நூல்போன்ற உடலுமாக ஏழெட்டுப் புழுக்கள், வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடியில் இறங்கின; சற்றுப் பொறுத்ததும் மூச்சு வாங்க நீர்மட்டத்துக்கு ஏறித் தலைகீழாகத் தொங்கின. அதன்பின் எந்தத் தொட்டிக்கும் நான் அடித்தட்டு வைப்பதில்லை.

ஏடிஸ் வளர 20 காசு நாணய அளவு நீர் போதும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஆகவே வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு சுற்றிவந்தால் அந்தச் சுழற்சி அறுபடும். வெள்ளிக்கிழமை வீடு துடைக்கும் வீடுகளுக்கு அதுவே பொருத்தமான நாள். பூச்சாடி நீர், பூசையறைச் செம்பிலும் உருளியிலும் மிதக்கவிட்ட மலர்நீர், பாத்திரம் காயவைக்கும் தட்டு, குளிர்சாதனத்தின் நீர்த்தட்டு, துணி காயப்போடும் மூங்கில் கழியைச் செருகும் குழாய், இறுகிப்போன தொட்டி மண்ணின் மேல் தேங்கும் நீர் இவற்றைப் பாருங்கள். நீரைக் கொட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருப்பவை, உலர்ந்தாலும் பல மாதம் உயிரோடிருப்பவை. எனவே உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஊருக்குப் புறப்படும்போது கழிவறைக் கிண்ணங்களையும் மூங்கில் கழி செருகும் குழாய்களையும் மூடி, வாளிகளைக் கவிழ்த்துவிட்டுச் செல்லுங்கள். புகையடித்தல் பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும், நீரிலுள்ள புழுவைத் தொடாது. சில குடியிருப்புப் பேட்டைகளில் 2016 முதல் விடப்பட்டுவரும், வோல்பாக்கியா என்னும் நுண்ணுயிரைத் தாங்கிய ஆண்கொசுக்கள் கடிப்பதில்லை. அவற்றோடு இணையும் பெண்கொசுவின் முட்டை பொரியாது, ஆகவே அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

பலரும் மறக்கும் ஒன்று, டெங்கி வந்தவரையே கொசுக்கடியிலிருந்து காப்பது. காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்து நாளில் அவரைக் கடிக்கும் கொசுதான் ஓரிரு வாரத்தில் அடுத்தவருக்கு நோயைக் கொண்டுசெல்கிறது. ஏடிஸ் பகலில் கடிப்பது, விடியலிலும் மாலையிலும் மும்முரமானது. ஆகவே பகலிலும் கொசுவிரட்டி பூசுங்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபனும் இரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை. காய்ச்சல் இறங்கும் நாளில் நிம்மதியடைந்துவிடாதீர்கள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், மயக்கம் இவை பெரும்பாலும் அப்போதுதான் தலைகாட்டும். அவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஊருக்குப் போய்வருபவர்கள்

2008 ஜனவரியில், ஏடிஸ் கொசுவே பரப்பும் சிக்குன்குனியா உள்ளூரிலேயே பரவியது முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இடம் லிட்டில் இந்தியாவின் கிளைவ் ஸ்திரீட். பயணியோடு வரும் கிருமிக்கு இங்கே கொசுவும் காத்திருக்கிறது என்பதால், போகும் முன்னும் வந்த பின்னும் கவனம் வேண்டும். சொந்த ஊருக்குத்தானே போகிறோம் என்று நாம் தடுப்பூசியை நினைப்பதில்லை. ஆனால் டைஃபாய்டு ஊசியைப் பயணத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். கல்லீரல் அழற்சி ‘ஏ’ ஊசி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். அங்கே கொதித்த நீரையோ மூடி உடையாத புட்டிநீரையோ குடியுங்கள், வெளியில் விற்கும் பனிக்கட்டி, நறுக்கிய பழம், நீர்விட்ட சட்டினி ஆகியவற்றைத் தவிருங்கள். திரும்பி வந்த சில வாரங்களில் காய்ச்சல் கண்டால், எந்த ஊர், எத்தனை நாள், என்று திரும்பினீர்கள், அங்கே யாருக்கேனும் காய்ச்சல் இருந்ததா என்பவற்றை மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே முதலில் சொல்லுங்கள். மருந்தகத்துக்குள் நுழையும்போதே முகக்கவசம் அணிந்துகொண்டு, உடம்பில் தடிப்பு இருந்தால் பதிவு முகப்பிலேயே அதைத் தெரிவித்து, தனியே உட்கார இடம் கேளுங்கள்.