மாட்டுக் காசநோய்ச் சோதனை: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

காதுத்தோடு எண்ணைச் சரிபார்ப்பது, முடியை மழிப்பது, டியூபர்குலின் என்ற கிருமிப் புரதச் சாற்றைத் தோலுக்கு அடியில் விடாமல் தோலுக்குள்ளேயே ஏற்றுவது எல்லாம் பயிற்சியிலேயே சொல்லித் தருவதுதான். அவற்றை விட்டுவிடுகிறேன். நாங்கள் ஒரு காலத்தில் செய்த பிழைகளையே புதிதாக வருகிறவர்களும் செய்கிறார்கள். அவற்றைப் பற்றித்தான் இது.

ரத்தத்தை ஐஸில் வைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். மாட்டுக் காசநோயை உண்டாக்கும் மைக்கோபாக்டீரியம் போவிஸ் கிருமி, கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களுக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும். அதை எதிர்கொள்வதில் முதல் பங்கு டி செல்கள் என்ற வெள்ளணுக்களுக்கு. அவை சுரக்கும் இன்டர்ஃபெரான் காமாதான் மேக்ரோஃபேஜை உசுப்பி, உள்ளே இருக்கும் கிருமியைத் தாக்க வைக்கிறது. இன்டர்ஃபெரான் சோதனையில் நாம் கிருமியைத் தேடுவதில்லை. ரத்தத்தோடு டியூபர்குலினைச் சேர்த்து 37 டிகிரியில் 16 முதல் 24 மணி நேரம் வைத்து, டி செல்கள் பதில் சொல்கின்றனவா என்று பார்க்கிறோம். பதில் சொல்ல அவை உயிரோடு இருக்க வேண்டுமே!

ஒரு இளம் மருத்துவர் ஒரு மந்தையின் ரத்தம் முழுவதையும் ஐஸ் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்தார். குழாய்களின் மேல் நீர் முத்து முத்தாக நின்றது. சாம்பிள் என்றாலே குளிர்ச்சி என்று கை பழகிவிட்டது, பாவம். எல்லா மாடும் நெகட்டிவ். அந்த மந்தையில் ஏற்கெனவே தோல் சோதனையில் பிடிபட்ட மாடுகள் இருந்தன என்பதால்தான் சந்தேகம் வந்தது. ஆய்வுத் தட்டில் மைட்டோஜன் சேர்த்த குழியைப் பார்த்தோம். நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்த டி செல்லையும் கிளப்பிவிடும் பொருள் அது. அந்தக் குழியிலும் ஒன்றுமில்லை. ஆக, செத்துப்போனது ரத்தம். மாடு நோயற்றது என்று அதற்கு அர்த்தமில்லை. மறுபடி எல்லா மாட்டுக்கும் ரத்தம் எடுக்க வேண்டியதாயிற்று. செலவு மிச்சம் என்று மைட்டோஜன் குழியை விட்டிருந்தால் அந்த நெகட்டிவை அப்படியே நம்பியிருப்போம்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் உள்ள குழாயில் எடுங்கள், மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குங்கள், அறை வெப்பத்திலேயே வைத்து அன்றைக்கே ஆய்வகத்தில் சேருங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிடாதீர்கள், அதுவும் அதே கொலைதான். 37 டிகிரியில் வைத்து முடித்துப் பிளாஸ்மாவைப் பிரித்த பிறகு ஃபிரிட்ஜில் வையுங்கள், ஒன்றும் ஆகாது.

வீக்கத்தைக் கண்ணால் அளப்பது

தோல் சோதனையில் ஊசிக்கு முன்னும், 72 மணி நேரம் கழித்தும் தோலின் தடிமனைக் காலிப்பர் கருவியால் அளங்கள். அவ்வளவுதான்.

பறவை டியூபர்குலினைத் தவிர்ப்பது

சூழலில் இருக்கும் வேறு மைக்கோபாக்டீரியங்களைச் சந்தித்த மாடும் வீங்கும். அதனால்தான் மாட்டுக் காசநோய்க் கிருமியின் டியூபர்குலின் ஒன்று, பறவைக் காசநோய்க் கிருமியின் டியூபர்குலின் ஒன்று என்று கழுத்தில் இரண்டு ஊசி. வழக்கமான அளவுகோலில், மாட்டு டியூபர்குலின் வீக்கம் பறவை வீக்கத்தைவிட 4 மி.மீ.க்கு மேல் கூடியிருந்தால்தான் பாசிட்டிவ்.

சந்தேகம் என்று உடனே மறுபடி ஊசி

முதல் ஊசிக்குப் பிறகு தோலின் எதிர்வினை மந்தப்பட்டிருக்கும். குறைந்தது 42 நாள், பல இடங்களில் 60 நாள் பொறுக்க வேண்டும்.

வீங்காத மெலிந்த மாட்டை நம்புவது

நோய் முற்றிய மாட்டில் டி செல்களின் பதில் ஓய்ந்துபோய்த் தோல் வீங்காமலே இருக்கலாம். மந்தையில் அதிகமாகக் கிருமியைப் பரப்புவதும் அதுவாக இருக்கலாம். கன்று ஈன்று சில வாரமே ஆன பசு, ஸ்டீராய்டு போட்ட மாடு ஆகியவற்றிலும் இதே ஏமாற்றம் உண்டு. ஆன்டிபாடி பெரும்பாலும் நோய் முற்றும்போதுதான் ஏறும் என்பதால், இந்த மாதிரி மாட்டுக்கு ஆன்டிபாடி சோதனையையும் சேர்த்துச் செய்வேன். தோல் ஊசி போட்டு 10 முதல் 30 நாளுக்குள் ரத்தம் எடுத்தால் ஆன்டிபாடி அளவு உயர்ந்திருக்கும், பிடிபடவும் வாய்ப்பு அதிகம்.