குருவிச்சையை மருந்தாக்குமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் கறுத்தக்கொழும்பான் மா நிற்கிற வளவுகளில், மரத்தில் ஒட்டி வளரும் குருவிச்சைக்குப் பஞ்சமில்லை. மாங்கொப்பைப் பிடித்துக்கொண்டு செம்மஞ்சள் குழல் பூக்களோடு நிற்கும். தமிழ்நாட்டில் இதைப் புல்லுருவி என்பார்கள். புண், மூச்சிளைப்பு, மாதவிடாய்க் கோளாறு என்று பலவற்றுக்கும் நாட்டு வைத்தியத்தில் பயன்பட்டு வந்திருக்கிறது. அதை நம்பித்தான் பலர் தாங்களே வெட்டி அவித்துக் குடிக்கிறார்கள்.

இதில் பெரிய தவறு, எந்த மரத்துக் குருவிச்சை என்று கேட்காமல் விடுவது. மாமரத்தது, புளியில் பிடித்தது, பூவரசில் பிடித்தது என்று பரியாரிமார் (நாட்டு வைத்தியர்கள்) பிரித்துப் பார்ப்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. குருவிச்சை தாய்மரத்துக்குள் உறிஞ்சுவேரை இறக்கி நீரையும் உப்பையும் எடுக்கிறது. மரத்தில் நஞ்சு இருந்தால் அதுவும் சேர்ந்து வரலாம். காஞ்சிரையில் (எட்டி மரத்தில்) வளர்ந்த ஒட்டுண்ணிச் செடியில் ஸ்ட்ரிக்னின் என்ற கொடிய நஞ்சு இருப்பதும், அலரியில் (அரளியில்) பிடித்த குருவிச்சையில் இதயத்தைத் தாக்கும் அலரியின் நஞ்சு இருப்பதும் ஆய்வில் கண்டறியப்பட்டவை. வன்னிப் பக்கத்துக் காடுகளில் காஞ்சிரை தாராளமாக நிற்கிறது. அலரி எங்கள் வேலியோரத்திலேயே நிற்கிறது. அதனால் காய வைத்து இடித்த பொடியை வாங்கவே வேண்டாம். பொடியான பிறகு அது எந்த மரத்தது என்று பார்த்துச் சொல்ல ஒருவராலும் முடியாது.

அடுத்தது புற்றுநோய் விஷயம். ஜெர்மனியிலோ சுவிஸிலோ இருக்கிற சொந்தக்காரர், அங்கே புற்றுநோய்க்கு மிசில்டோ என்ற ஐரோப்பியக் குருவிச்சையின் ஊசி போடுகிறார்கள் என்று சொல்லியிருப்பார். அது உண்மைதான். ஆஸ்திரியத் தத்துவவாதி ருடோல்ஃப் ஸ்டெய்னர் 1920இல் முன்வைத்த வைத்தியம் அது. ஆனால் அந்தச் செடி வேறு, குடும்பமும் வேறு. வெள்ளைப் பழம் காய்க்கும் ஐரோப்பியச் செடி. அதன் சாற்றை மருந்தாகத் தயாரித்துத் தோலுக்கடியில் ஏற்றுகிறார்கள். அதுகூடப் புற்றைக் குணமாக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை. அமெரிக்காவில் அதற்குப் புற்றுநோய் மருந்தாக அனுமதியும் இல்லை. இதை நம்பி மாமரத்துக் குருவிச்சையை அவித்துக் குடித்துக்கொண்டு சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள், தயவுசெய்து. போன மாதங்கள் திரும்பி வராது.

கர்ப்பிணிகள் இதைத் தொடவே வேண்டாம். சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை எடுப்பவர்கள் வைத்தியரிடம் சொல்லாமல் குடிக்கக் கூடாது.

சரி, குருவிச்சை மருந்துதான் வேண்டும் என்றால்? பிடித்திருந்த கொப்போடும் தாய்மரத்து இலையோடும் வெட்டி, யாழ்ப்பாணம் கைதடியில் உள்ள சித்த வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எடுக்கிற மாத்திரைகளின் பெயர்களையும் எழுதிக்கொண்டு போங்கள்.