அப்பாவைப் பார்த்துக்கிட்ட அக்கா வீட்டை விட்டுப் போகலன்னா என்ன செய்யலாம்

மலேசியால சுங்கை சிப்புட் பக்கம் இது ஒண்ணும் புதுசு இல்ல. தோட்டத்துல வேலை முடிஞ்சு இபிஎஃப் சேமநிதி காசுல தாமான்ல (குடியிருப்புல) வாங்குன வீடு, பிள்ளைங்க எல்லாம் கோலாலம்பூர், ஜொகூர் பாருன்னு போயாச்சு, அப்பாவைப் பார்த்துக்க சம்பளத்துக்கு ஒரு வேலைக்கார அக்காவை வீட்டோட வச்சாச்சு, அப்பா தவறி காரியமும் முடிஞ்சுது, அக்கா மட்டும் நகரல.

கோவத்துல பூட்டை மாத்துறது, கரண்ட் வெட்டுறது, துணிமணியை கேட்டுக்கு வெளிய வைக்கிறது, இதெல்லாம் வேணாம். 1950ஆம் வருஷத்து ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டத்துல 7(2) என்ன சொல்லுதுன்னா, வாடகைக்கு இருந்தவங்க தவணை முடிஞ்சும் போகலன்னா கோர்ட் வழியாத்தான் எழுப்பணும். அக்கா வாடகைக்கு இல்லையேன்னு நீங்க சொல்வீங்க, சரிதான், ஆனா "நானும் மாசாமாசம் காசு குடுத்தேன்"னு அவங்க சொன்னா? அதனால தண்ணி பில்லுக்குன்னு அம்பது வெள்ளி (ரிங்கிட்) நீட்டுனாக்கூட வாங்காதீங்க, அவங்களுக்குக் குடுத்த சம்பளத்துக்கு மட்டும் "காஜி"ன்னு (மலாய்ல சம்பளம்) எழுதி கையெழுத்து வாங்கி வைங்க.

அடுத்து கெரான் (வீட்டு நிலப் பட்டா) யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. அப்பா பேர்லயே இருந்தா நீங்க மகன்னு சொல்றது மட்டும் பத்தாது, முதல்ல பூசாக்கா, அதாவது அப்பா சொத்தை வாரிசுங்க பேருக்கு மாத்துற வேலையை முடிக்கணும், உயில் இல்லாம, நிலத்தோட சேர்த்து மொத்த சொத்து 5 மில்லியன் வெள்ளிக்குள்ள இருந்தா அது நில ஆபீஸ்லயே நடக்கும். லயத்து வீடுன்னா அது தோட்டத்து வீடு, தோட்டத்து ஆபீஸ்லதான் பேசணும்.

வேலையை முறையா நிறுத்துனீங்களா? 1955 வேலைச் சட்டம் பிரிவு 57ல வீட்டு வேலைக்கு 14 நாள் நோட்டீஸ், இல்ல அத்தன நாள் சம்பளம். பாக்கி இருந்தா முதல்ல தீருங்க. பிறகு வீட்டைக் காலி பண்ணச் சொல்லி தேதி போட்டு மலாய்ல ஒரு கடிதம், ஒண்ணு கையில, ஒண்ணு ரெஜிஸ்டர் போஸ்ட்ல, அவங்களுக்குத் தமிழ்ல படிச்சும் காட்டுங்க. வெளிநாட்டு ஆளுன்னா பாஸ்போர்ட்டைப் பிடிச்சு வைக்காதீங்க, அது தனி குற்றம்.

பாலாய்ல (போலீஸ் ஸ்டேஷன்ல) ரிப்போட் குடுத்தா சிவில் கேஸ்னு பெரும்பாலும் திருப்பி அனுப்புவாங்க, பரவால்ல, காப்பி வேணும். அதோட லோயரைப் பாருங்க. அனுமதி முடிஞ்சும் தங்கியிருக்கவங்களை எழுப்ப 2012 கோர்ட் விதிகள்ல 89ஆவது ஆர்டர்னு ஒண்ணு இருக்கு, சாதாரண கேஸ் மாதிரி இழுக்காது, வாடகைக்கு இருந்து தவணை முடிஞ்சும் போகாதவங்களுக்கு அது பொருந்தாது, அதுக்குத்தான் மேல அந்த பில்லு காசைப் பத்தி சொன்னேன். கோர்ட் ஆர்டர் வந்தப்புறம் கோர்ட் அதிகாரி பெய்லிஃப் வந்து எழுப்புவார், நீங்க இல்ல.

ஆனா எனக்குக் கேட்டா, லோயருக்கு முன்னாடி உக்காந்து பேசுங்க. "இந்த வீடு உனக்குத்தான்மா"ன்னு அப்பா வாய்விட்டுச் சொல்லியிருப்பார், பாவம் அவங்களுக்குப் போக வேற இடமும் இருக்காது. ரூமுக்கு டெபாசிட், ரெண்டு மாச வாடகைன்னு குடுத்தா லோயர் பீஸைவிட கம்மிதான். எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க, பாதி காசு லோரில சாமான் ஏறுறப்போ, மீதி சாவி கைக்கு வந்தப்புறம்.