கடல் இல்லாத சீமையில் கோடைச் சுற்றுலா: வெளியூர்க்காரர்கள் தவறும் இடங்கள்

கடற்கரை ஊர்க்காரர்கள் கோடையில் தண்ணீரைத் தேடி அலைய வேண்டியதில்லை. சாயங்காலம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இறங்கினால் போதும். கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல், கரூர் என்று விரியும் கொங்கு நாட்டில் அந்த வசதி கிடையாது. இங்கே கோடைத் தண்ணீர் என்றால் அணை, தடுப்பணை, அருவி, மலை ஓடை. கடலில் அலை வருவது கண்ணுக்குத் தெரியும். பவானி ஆற்றிலோ, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் யாரோ மதகைத் திறந்ததாலும் தண்ணீர் வரும், மேல்மலையில் பெய்த மழையாலும் வரும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் இறங்குவதால் நேர்கிறது. மீதிப் பாதிக்குக் காரணம், பள்ளி விடுமுறைதான் ஊர் சுற்றும் பருவம் என்ற நம்பிக்கை.

இரண்டாவதை முதலில் சொல்லிவிடலாம். ஏப்ரல், மே மாதங்களில் அருவியில் குளிக்கலாம் என்று நினைத்துக் குடும்பத்தோடு கிளம்பி வருகிறார்கள். ஏற்காட்டின் கிளியூர் அருவியில் அப்போது பெரும்பாலும் பாறைதான் தெரியும். ஆழியாறு அணைக்கு மேலே, பெயர்ப்பலகையில் கவியருவி என்றும் மக்கள் வாயில் குரங்கு அருவி என்றும் வழங்கும் அருவி, கோடையில் நூலாக இளைத்துவிடும். பல ஆண்டுகளில் அதுவும் நின்றுபோய், வனத்துறை கதவைப் பூட்டிவிடும். காரணம் எளியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அருவிகளுக்குத் தண்ணீர் தருவது ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை. கிழக்கே தள்ளி நிற்கும் சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் ஆவணிக்குப் பிறகு பெய்யும் மழையும் ஐப்பசி மழையும்தான் பலம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வறண்ட மாதங்களில் நமக்கு லீவு விடுகிறார்கள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஆகாய கங்கையைப் பார்க்கப் போகிறவர்கள், அன்று எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்பதை அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்துக் கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்கலாம். இறங்கும்போது கால் வலிக்காது. பாட்டியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு மேலே ஏறும்போதுதான் தெரியும்.

கோடையிலும் தண்ணீர் கிடைக்கும் இடங்கள் உண்டு. அவை அணையை நம்பி இருப்பவை. கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே பவானியின் குறுக்கே இருக்கும் கொடிவேரி அதில் முதன்மையானது. பவானிசாகர் அணையிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களுக்குத் தண்ணீர் விட்டால், கொடிவேரியின் கல்லணையைத் தாண்டி அது வழிந்து அருவியாக விழும். பாசனத்துக்கு விடும் தண்ணீரில்தான் நாம் குளிக்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது. வாய்க்கால் அடைத்திருக்கும் நாளில் போனால் வெறும் கல்லையும் மீன் கடையையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அணையில் நீர் மிகுந்து கூடுதலாகத் திறந்துவிட்டால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். முந்தைய நாள் செய்தித்தாளின் ஈரோடு பக்கத்தைப் பார்த்தாலே இரண்டும் தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் சென்னையிலிருந்து வேன் பிடித்து வந்து, நுழைவாயிலில் ஊழியரோடு சண்டை போடுகிறவர்களை ஒவ்வொரு மே மாதமும் காணலாம்.

கொடிவேரியில் ஆபத்து அருவிக்கு அடியில் இல்லை. அங்கே ஆழம் குறைவு, பிடித்துக்கொள்ளக் கம்பிகளும் உண்டு. விழும் தண்ணீர் முதுகில் அறைகிற சுகத்தில் அரை மணி நேரம் நின்றுவிட்டு, இளைஞர்கள் மெல்ல ஆற்றின் போக்கில் கீழே நகர்கிறார்கள். சிக்கல் அங்கேதான். பாறைத் தரையில் காலங்காலமாகத் தண்ணீர் குடைந்த குழிகள் இருக்கின்றன. முழங்கால் அளவு நீரில் நடந்து போகிறவரின் அடுத்த எட்டு தலைக்கு மேல் ஆழத்தில் விழும். மேலே பார்த்தால் நீர் ஒரே சீராக ஓடுவது போலத்தான் இருக்கும், கீழே சுழல். கடலில் நீந்திப் பழகியவர்களுக்கு இங்கே இரட்டை ஆபத்து. உப்புத் தண்ணீர் உடம்பைத் தூக்கிக் கொடுக்கும். ஆற்றுத் தண்ணீர் அந்த அளவுக்குத் தாங்காது. பாறையில் படிந்த பாசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஒருமுறை வழுக்கினால் தெரிந்துவிடும். எல்லைக் கயிறு கட்டியிருக்கும் இடத்துக்கு அப்பால் போகாதீர்கள். குளித்து முடித்துக் கரையேறி, சுடச்சுட வறுத்த மீனை வாழையிலையில் வாங்கிச் சாப்பிடுங்கள். மீன் சாப்பிட்டுவிட்டு மறுபடி தண்ணீரில் இறங்குவது இன்னொரு வழக்கமான தவறு.

கொடிவேரியாவது காவலும் கயிறும் உள்ள இடம். அதே பவானி மேட்டுப்பாளையத்தில் ஓடும்போது நிலைமை வேறு. ஊருக்கு மேலே பில்லூர் அணை இருக்கிறது. அங்கே மின் உற்பத்திக்குத் தண்ணீர் விடும்போது ஆற்றின் மட்டம் கிடுகிடுவென்று ஏறும். மழையும் இருக்காது, மேகமும் இருக்காது, வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். ஊட்டி போகும் வழியில் காரை நிறுத்திவிட்டு, ஆற்றின் நடுவே இருக்கும் பாறைக்கு நடந்து போய்ப் புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்கிற குடும்பத்துக்கு இது தெரியாது. திரும்பிப் பார்க்கும்போது, வந்த வழியில் இடுப்பளவு தண்ணீர் ஓடும். இப்படி நடுப்பாறையில் சிக்கியவர்களைத் தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி மீட்பது வழக்கமான செய்தியாகிவிட்டது. மீட்க முடியாமல் போனவர்களின் செய்தியும் வருகிறது. மேட்டுப்பாளையத்தில் ஆற்றை ரசிக்க வேண்டுமா, கரையில் நின்று ரசியுங்கள். இந்த ஒரு விஷயத்தில் சலுகை எதுவும் சொல்ல எனக்கு மனமில்லை.

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே திருமூர்த்திமலையின் பஞ்சலிங்க அருவியில் கதை இன்னும் கொஞ்சம் சிக்கலானது. அங்கே மேலே அணை இல்லை, மலை இருக்கிறது. சித்திரை, வைகாசியில் பிற்பகலில் மேல்மலையில் கோடை மழை இடியோடு கொட்டும். அடிவாரத்தில் ஒரு துளி கூட விழாது. அந்த மழைத் தண்ணீர் ஓடைகளில் சேர்ந்து ஒரே பாய்ச்சலாக இறங்கும்போது, கீழே குளித்துக்கொண்டிருப்பவர்கள் அண்ணாந்து பார்த்தால் நீல வானம்தான் இருக்கும். அமணலிங்கேஸ்வரர் கோயிலையே இந்த வெள்ளம் சூழ்ந்துகொள்வது உண்டு. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனதும் இதே விதமாகத்தான்.

வானத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்க்கப் பழகிக்கொள்வது நல்லது. தெளிந்து விழுந்துகொண்டிருந்த நீரில் முதலில் காய்ந்த சருகும் சுள்ளியும் வரும். பிறகு நிறம் மாறும், செம்மண் கலந்த டீ நிறம். இரைச்சலின் கனம் கூடும். இந்த மூன்றில் எது ஒன்று தெரிந்தாலும் துணியைத் தேடாதீர்கள், செல்போனைத் தேடாதீர்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் மேட்டில் ஏறுங்கள். ஓடையின் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடக் கூடாது. தண்ணீர் உங்களைவிட வேகமாக ஓடும். அருவிக் குளியலைக் காலையிலேயே முடித்துக்கொண்டால் இந்தப் பதற்றத்தில் பெரும்பகுதி மிச்சம்.

வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை. ஈரோடும் கரூர் பரமத்தியும் கோடையில் மாநிலத்தின் வெப்பப் பட்டியலில் மேலே நிற்பவை. 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது சகஜம். கத்திரி வெயிலில் காலைச் சிற்றுண்டியை நிதானமாக முடித்துவிட்டுப் பத்து மணிக்குச் சங்ககிரிக் கோட்டையில் ஏறத் தொடங்குவதும், திருச்செங்கோட்டு மலைப்படியில் நண்பகலில் வெறுங்காலோடு நிற்பதும் பக்தியும் அல்ல, வீரமும் அல்ல. விடியற்காலையில் ஏறி எட்டரைக்குள் இறங்கிவிடுங்கள். தங்குவதற்கு இடம் தேர்ந்தெடுக்க முடியுமானால் பொள்ளாச்சிப் பக்கம் வாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் காற்று மே மாதக் கடைசியிலேயே அங்கே சாயங்காலங்களை மாற்றிவிடும். ஈரோட்டில் மின்விசிறி வெந்நீரைக் கிளறுவது போலச் சுற்றும் அதே மாலையில், ஆனைமலைச் சாலையில் தென்னை மட்டைகள் சலசலத்துக்கொண்டிருக்கும்.

மலைக்குப் போகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் காகிதத்தில். நீலகிரிக்குள் வெளியூர் வாகனங்கள் நுழைய 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 கோடையில் எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டது: வார நாட்களில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000. கல்லாறு சோதனைச்சாவடி வரை வந்த பிறகு செல்போனில் சிக்னல் தேடிக்கொண்டு விண்ணப்பிக்கிறவர்களால்தான் அந்த வரிசை நீள்கிறது. 2025 நவம்பர் முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இதைச் சொன்னால் காரில் வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். நீலகிரியில் சின்னப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் தடை. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். சீசன் நாட்களில் ஏறுவதற்குக் குன்னூர் வழி, இறங்குவதற்குக் கோத்தகிரி வழி என்று போலீசார் ஒருவழிப் பாதையாக்குவதும் வழக்கம். திரும்பும் வழியில் குன்னூரில் அறை போட்டு வைத்தவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள்.

மலை ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை என்று புலம்புகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10க்குக் கிளம்பும் வண்டிக்குத்தான் அத்தனை போட்டி. கல்லாறு முதல் குன்னூர் வரை பற்சக்கரத்தில் ஏறும் பகுதி அதில்தான் இருக்கிறது. ஆனால் குன்னூருக்கும் உதகைக்கும் இடையே மட்டும் ஓடும் வண்டிகள் நாளில் சில முறை உண்டு. குழந்தைகளுக்கு ரயிலில் போன சந்தோஷம் அதிலேயே கிடைத்துவிடும்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். எண் எழுதிய பலகைகள் இருக்கின்றன. ஒன்பதாவது வளைவுக் காட்சிமுனையில் ஆழியாறு அணை முழுவதும் தெரியும். பாறையில் வரையாடுகள் நிற்பதையும் பார்க்கலாம். அங்கே பலர் வரையாட்டுக்குச் சிப்ஸ் நீட்டுகிறார்கள். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குக்கு வாழைப்பழம். உலகிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் ஓர் உயிரினம், கார்களை எதிர்பார்த்துச் சாலையோரம் உட்காரப் பழகினால் சக்கரத்தில்தான் போய் முடியும். இன்னொன்று, மலையை விட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். யானைக்கும் சிறுத்தைக்கும் அது அன்றாடம் நடக்கிற வழி. தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கி நின்று படம் எடுப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கூழாங்கல் ஆறு பார்க்கச் சாதுவாக இருக்கும், கணுக்கால் நனைக்க அருமையான இடம். பெயர் தெரியாத மற்ற எஸ்டேட் ஆறுகளில் குளிக்க இறங்க வேண்டாம். சேத்துமடை வழியாக டாப்சிலிப் போக நினைக்கும் பைக்காரர்களுக்கு ஒரு தகவல்: சோதனைச்சாவடியில் இருசக்கர வாகனத்தை உள்ளே விடமாட்டார்கள்.

கோடை, காட்டுத்தீயின் பருவமும்கூட. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தார்களே, அதில் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து போன மலையேற்றக் குழுவினரும் உண்டு. கொங்கு நாட்டில் அந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை. அப்படியிருந்தும், யாரோ ஒருவருக்குப் பணம் கொடுத்துவிட்டுச் சத்தியமங்கலம், ஆனைமலைக் காடுகளில் நுழைகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் புலிகள் காப்பகம், அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். காய்ந்த புல்லில் விழும் ஒரு பீடித்துண்டு போதும். மலையேற ஆசையிருந்தால் வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போங்கள். தீப்பருவத்தில் அதுவும் நிறுத்திவைக்கப்படும்; அப்போது காத்திருக்கத்தான் வேண்டும்.

கோவைக்கு மேற்கே சிவபக்தர்கள் ஏறும் வெள்ளியங்கிரி மலை இதற்கு விதிவிலக்கு. அது பிப்ரவரி முதல் மே வரைதான் திறந்திருக்கும். ஏழு மலை என்பதைப் பெயரளவில் எடுத்துக்கொண்டு, வாரம் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் சனிக்கிழமை இரவு பூண்டியில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு ஏறிவிடுகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் நெஞ்சுவலியில் சிலர் இறக்கிறார்கள். இதயக் கோளாறு, ரத்த அழுத்தம், மூச்சிரைப்பு உள்ளவர்கள் அடிவாரக் கோயிலோடு திரும்புவதில் எந்தக் குறைவும் இல்லை. ஏறுகிறவர்கள் ஸ்வெட்டர் கொண்டுபோங்கள். அடிவாரத்தில் வியர்த்து ஊற்றினாலும் உச்சிக்குப் போகும்போது பல் கிட்டும்.

விசாரிக்காமல் வந்து ஏமாறும் இன்னொரு இடம் பரளிக்காடு. பில்லூர் அணையின் நீர்த்தேக்கத்தில் பரிசல் சவாரி, பழங்குடிப் பெண்கள் சமைக்கும் மதிய உணவு, பிறகு ஓடையில் குளியல் என்று வனத்துறை நடத்தும் ஒருநாள் சுற்றுலா அது. முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான். வண்டியைப் பிடித்து நேரே போய் நின்றால் பரிசலும் கிடைக்காது, களி உருண்டையும் கிடைக்காது. எங்கே பரிசல் ஏறினாலும், ஒகேனக்கல்லானாலும் சரி, மிதவைச் சட்டையைப் படம் எடுப்பதற்காகக் கழற்றாதீர்கள்.

ஈரோட்டுக்கு அருகே இருக்கும் வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்கு மே மாதத்தில் போவதும் வீண். வலசைப் பறவைகள் கார்த்திகை, மார்கழியில் வருபவை.

விடுமுறை உங்கள் கையில் இருக்குமானால், என் வாக்கு ஆடி மாதத்துக்குத்தான். ஆகஸ்ட் தொடக்கத்தில் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா நடக்கும், மேற்கு மலை அருவிகள் பொங்கும், பொள்ளாச்சியில் சாரல் அடிக்கும். ஆடிப் பதினெட்டுக்கு, காவிரியும் பவானியும் கலக்கும் பவானி கூடுதுறையில் ஊரே கூடும். மேட்டூரும் பவானிசாகரும் நிரம்பிய ஆண்டானால் கூடுதுறையில் படித்துறையைத் தடுப்பு வைத்து மூடி, குழாயில் குளிக்கச் சொல்வார்கள். அதற்கும் தயாராக மாற்றுத்துணியோடு வாருங்கள்.