பூட்ஸைக் கழற்றியாச்சு, மைக்கைப் பிடிப்பது எப்படி?

முட்டி போய்விட்டது, இனிமேல் செந்தூல் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காற்பந்து ஆட முடியாது, ஆனால் திடலை விட்டுவிட்டு வீட்டில் கிடக்கவும் மனசு வரவில்லை என்றால், வர்ணனை செய்யப் பழகுங்கள். வாய் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், இது கண் வேலை.

அமெரிக்க பேஸ்பாலில் ரால்ஃப் கைனர் என்று ஒருவர் இருந்தார். அவுட்ஃபீல்டர், அதாவது திடலின் கடைக்கோடியில் நின்று மொத்த ஆட்டத்தையும் எதிரே பார்க்கிற ஆள். 1946 முதல் 1952 வரை ஏழு ஆண்டுகளும் நேஷனல் லீக்கின் ஹோம் ரன், அதாவது பந்தை வேலிக்கு அப்பால் பறக்கவிடும் அடி, பட்டியலில் அவரை யாரும் தாண்டவில்லை. முதுகுவலியால் 1955-இல், 32 வயதிலேயே ஆட்டம் முடிந்தது. 1962-இல் நியூயார்க் மெட்ஸ் அணி பிறந்தபோது மைக் முன்னால் உட்கார்ந்தவர், 2013 வரை பேசினார். ஆடியது பத்து ஆண்டு, பேசியது ஐம்பதுக்கும் மேல்!

சரி, நம் கதைக்கு வருவோம். டிவியில் ஓர் ஆட்டத்தைப் போட்டு, சத்தத்தை அணைத்துவிட்டு, பத்து நிமிடம் பேசி கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். மறுநாள் கேளுங்கள். நான் முதலில் கேட்டபோது பாதிக்கு மேல் "அருமையான அடி" தான், வெட்கமாகப் போய்விட்டது. அடித்தது எல்லோருக்கும் தெரிகிறது. கார்னர் அடிக்கும் முன்பே தடுப்பாட்டக்காரர் யாருடைய சட்டையைப் பிடித்திருக்கிறார் என்பது ஆடியவனுக்குத்தான் கண்ணில் படும், அதைச் சொல்லுங்கள்.

கோல் கணக்கை அடிக்கடி சொல்லுங்கள். ரெட் பார்பர் என்ற பழைய பேஸ்பால் வர்ணனையாளர் இதற்காகவே மூன்று நிமிட மணல் கடிகாரம் ஒன்றைப் பக்கத்தில் வைத்திருந்தாராம். நான் தே தாரேக் வைத்துக்கொள்கிறேன், ஒரு மடக்குக்கு ஒரு முறை.

அப்புறம் பெயர்கள். அரை மணி நேரம் முன்னதாகப் போய், இரு அணிகளிடமும் உச்சரிப்பைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் நம் அணிகளில் மூன்று குமார் இருப்பார்கள், அதில் ஒருவர் இரவல் சட்டையில் ஆடுவார். அப்படியும் தவறும். கைனரே கேரி கார்ட்டர் என்ற ஆட்டக்காரரை நடிகர் கேரி கூப்பராக்கியவர்தான். சிரித்துவிட்டுத் திருத்திக்கொண்டு மேலே போங்கள்.

அங்காசாபுரி வானொலி, டிவி நிலையத்திலிருந்து அழைப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தாமான் போட்டிகளில் ஒலிபெருக்கி சும்மாதான் கிடக்கும், ஏற்பாட்டாளரிடம் கேட்டால் கொடுத்துவிடுவார். என்ன, வழியை மறித்து நிற்கும் காரின் எண்ணையும் நீங்கள்தான் படிக்க வேண்டியிருக்கும்.